செகண்ட் ஹேண்ட் புரோகிரெசிவ் பிரஸ் வாங்கி 400 டாலர் ஏமாந்தேன்: நீங்களாவது பார்த்து வாங்குங்கள்

டெக்சாஸில் எனக்குப் பழக்கமான தமிழ் நண்பர்களில் நாலைந்து பேர் இப்போது துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போவதோடு நிற்காமல், வீட்டிலேயே தோட்டா ரீலோட் செய்யவும் (சுட்டு முடித்த காலி உறையில் மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றித் தோட்டாவாக்கவும்) ஆரம்பித்திருக்கிறார்கள். எந்த பிரஸ் (அதற்கான அழுத்து இயந்திரம்) வாங்கலாம் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, எனக்கு நடந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். (இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: இங்கே சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள உரிமம் தேவையில்லை. நம் ஊரில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.)

இரண்டு வருடமாக சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்தான் வைத்திருந்தேன். அதில் ஒரு தோட்டா முடிய, அதே கேஸை (தோட்டாவின் உறையை) மூன்று நான்கு முறை டை (பிரஸில் திருகி மாட்டும் அச்சு) மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 50 முடியும். வாரம் 200 ரவுண்டு 9 எம்எம் கைத்துப்பாக்கித் தோட்டா சுடுகிறவனுக்கு சனிக்கிழமை முழுக்க அதிலேயே போய்விடும். புரோகிரெசிவில் அப்படி இல்லை. எல்லா ஸ்டேஷனிலும் (டை மாட்டிய இடங்களிலும்) ஒரே நேரத்தில் வேலை நடக்கும்: ஒன்றில் பழைய பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன வெடிமூடி) வெளியே வந்து புதியது ஏறும், அடுத்ததில் பவுடர் (வெடிமருந்து) விழும், அடுத்ததில் புல்லட் (முனைக் குண்டு) உட்காரும், கடைசியில் கிரிம்ப், அதாவது கேஸின் வாயைப் புல்லட்டோடு இறுக்குவது. கைப்பிடியை ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டா. 9 எம்எம், .223 (ரைஃபிள் தோட்டா) இரண்டும் செய்யக்கூடிய, என்னிடம் ஏற்கெனவே இருக்கும் டைகளை ஏற்றுக்கொள்ளும் பிரஸ் ஒன்று வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஹூஸ்டன் பக்கம் ஒரு கன் ஷோவில் பார்த்தேன். பெரியவர் ஒருவர் மேஜை போட்டிருந்தார். நீல நிற டில்லன் கம்பெனி பிரஸ், நல்ல மினுமினுப்பு. எனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி இரண்டே கேள்வி கேட்டேன். .223 செய்யுமா? ஷெல் பிளேட்டை (கேஸ்களைப் பிடித்திருக்கும் தட்டை) மாற்றினால் எதையும் செய்யும் என்றார். என்னிடம் இருக்கும் டை பொருந்துமா? எல்லா டைக்கும் ஒரே மரைதான், கவலையே வேண்டாம் என்றார். ஏதாவது உடைந்தால் கம்பெனியே ஆயுளுக்கும் மாற்றித் தரும் என்றும் சேர்த்துக்கொண்டார். 450 சொன்னார், 400-க்கு முடித்து ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீதின் அடியில் 'உள்ளது உள்ளபடி விற்பனை' என்று பொடி எழுத்தில் இருந்ததை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.

மேசையில் போல்ட் போட்டு இறுக்கி, 9 எம்எம் டையை எடுத்து வைத்தால் உள்ளேயே போகவில்லை. ஓட்டையே சின்னது.

அது ஸ்குயர் டீல் பி மாடல். கைத்துப்பாக்கி தோட்டாவுக்கென்றே செய்த பிரஸ். அதற்கென்று தனி டை, மற்ற பெரும்பாலான பிரஸ்களில் போடும் 7/8 அங்குல, அங்குலத்துக்கு 14 மரை உள்ள டை அதில் ஏறாது. .223 பேச்சுக்கே இடமில்லை. 9 எம்எம் கேஸின் நீளம் 0.754 அங்குலம், .223 கேஸ் 1.76 அங்குலம், அவ்வளவு உயரத்துக்கு அந்த பிரஸ் செய்யப்படவே இல்லை. பிரஸ் மேல் எந்தக் குறையும் இல்லை. எதற்குச் செய்தார்களோ அதை நன்றாகவே செய்யும். அந்த நிறுவனத்தின் ஆயுள் உத்தரவாதமும் உண்மைதான், பழையதாக வாங்கினவர்களுக்கும் உண்டு. ஆனால் எந்த உத்தரவாதமும் ஒரு மாடலை இன்னொரு மாடலாக மாற்றித் தராது.

தெரியாமல் சொல்லியிருப்பார் என்று முதலில் சமாதானம் செய்துகொண்டேன். அன்றைக்கு நண்பனுக்கு அனுப்ப எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிரஸுக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டி, மேலே அவர் கைப்பட எழுதிய சீட்டு: இந்த மாடலுக்கு மட்டும் பொருந்தும் .45 டை செட். அப்புறம் எப்படி நம்புவது?

பணத்தைவிட என்னைப் பதற வைத்தது வேறு. பிரைமர் குழாயில் நூறு பிரைமர் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். ஒன்று வெடித்தால் மொத்தமும் வெடிக்கலாம். அதனால்தான் அதைச் சுற்றி இரும்புக் கவசம் வைத்திருக்கிறார்கள். இதில் அந்தக் கவசத்தைக் காணோம். அந்த இடத்தில் கறுப்பு பெயின்ட் அடித்த பிவிசி பைப் துண்டு. நகத்தால் சுரண்டியதும் வெள்ளை தெரிந்தது. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் இதை நம்பித்தானே உட்கார்ந்திருப்பேன்! அதை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

பவுடர் மெஷரையும் (ஒவ்வொரு கேஸுக்கும் பவுடரை அளந்து விடும் பகுதி) சோதித்தேன். பத்து முறை இழுத்து ஒவ்வொன்றையும் தராசில் வைத்தேன். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் 0.9 கிரெயின் வித்தியாசம். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின் என்பதால் இது தூசு மாதிரித் தோன்றும். ஆனால் நான் 9 எம்எம்முக்குப் போடும் பவுடரே ஐந்து கிரெயினுக்குள்தான். அதில் 0.9 கூடினால் அழுத்தம் எங்கேயோ போய்விடும். இலவசம் என்று கையில் திணித்த அரை பாட்டில் பவுடரும் இருந்தது, கையால் எழுதிய லேபிளோடு. உள்ளே எந்த பவுடர் என்று யாருக்குத் தெரியும்? அதைத் தொடவே இல்லை. நீங்களும் தொடாதீர்கள், எத்தனை நல்லவர் கொடுத்தாலும் சரி.

விற்றவருக்குப் போன் செய்தேன். ரசீதைப் படித்துப் பார் என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்த முறை எடுக்கவே இல்லை.

அதனால் பழைய பிரஸ் பார்க்கப் போகும்போது வாய்வார்த்தையை நம்பாமல், உங்கள் டை ஒன்றையும் நீங்கள் செய்யப்போகும் தோட்டாவின் காலி கேஸ் ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள். டையைத் திருகிப் பார்க்க விடாதவரிடம் பணத்தை நீட்டாதீர்கள். மாடல் பெயரைக் கேட்டு அங்கேயே போனில் தேடுங்கள். நான் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்கவில்லை. கைத்துப்பாக்கி, ரைஃபிள் இரண்டுக்கும் தோட்டா வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் 550 மாதிரி, சாதாரண டை ஏறும் பிரஸைப் பாருங்கள். அதில் ஷெல் பிளேட்டைக் கையால்தான் திருப்ப வேண்டும். மறந்தால் ஒரே கேஸில் இரண்டு முறை பவுடர் விழும், 9 எம்எம்மில் அது பெரும்பாலும் வழியாமல் உள்ளேயே நின்றுவிடும். நான் பிரஸுக்கு மேலே ஒரு சின்ன எல்இடி விளக்கு மாட்டி, புல்லட் வைக்கும் முன் ஒவ்வொரு கேஸுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறேன். வாரம் நூறுக்குள் சுடுகிறவர்களுக்கு, என்னைக் கேட்டால், புரோகிரெசிவே தேவையில்லை.

இப்போது சரியான கவசமும் 9 எம்எம் டை செட்டும் வாங்கிப் போட்டு, பவுடர் மெஷரையும் சரிசெய்து, அதில் 9 எம்எம் மட்டும் செய்கிறேன். .223 மறுபடி சிங்கிள் ஸ்டேஜிலேயே. ஹூஸ்டன் பக்கம் யாராவது பழைய பிரஸ் பார்க்கப் போவதாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். டையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நானும் வருகிறேன்.