ஒழுகும் முன்கண்ணாடிக்குச் சிலிக்கானா, பாலியூரித்தேனா?

காருக்குள் தண்ணீர் நுழைகிறது என்று எனக்கு முதலில் தெரிவித்தது வாடைதான். ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு காலையில் கதவைத் திறந்தபோது, நனைந்த சாக்கை மூலையில் போட்டு மறந்ததுபோல் ஒரு முடை அடித்தது. இடப்பக்க மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன். அதன் கீழிருந்த கம்பளம் தொட்டால் உலர்ந்துதான் இருந்தது. கம்பளத்துக்கும் கீழே, தகரத்தின் மேல் ஒட்டிக்கிடக்கும் தடித்த பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தியதும் தண்ணீர் ஊறி நகத்துக்கு மேல் ஏறியது. டேஷ்போர்டுப் பெட்டியில் இருந்த இன்சூரன்ஸ் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே அட்டையாகியிருந்தன.

அதற்கு முந்தைய ஆண்டு, மார்த்தாண்டம் செல்லும் சாலையில் ஜல்லி ஏற்றிப்போன லாரியிலிருந்து தெறித்த கல் முன்கண்ணாடியில் விரிசல் விட்டதால், ஒரு கடையில் புதுக் கண்ணாடி மாட்டியிருந்தேன். அந்த வேலையில் மேல் இடது மூலையில் பசை மெலிந்து போயிருக்கிறது. இதைச் சரிசெய்ய எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன: கண்ணாடியை முழுவதும் கழற்றி மறுபடி ஒட்டச் செய்வது, பாய்ந்து ஊடுருவும் சிலிக்கானை விளிம்பில் விட்டு வீட்டிலேயே அடைப்பது, கண்ணாடி விளிம்பை மூடியிருக்கும் பீடிங் ரப்பரைத் தூக்கி, கடைகளில் கண்ணாடி ஒட்டப் பயன்படும் அதே பாலியூரித்தேன் பசையை வீட்டிலேயே நிரப்புவது. நான் செய்தது கடைசியாகச் சொன்னதை. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

ஒழுகல் கண்ணாடியில்தான் என்பதை உறுதிசெய்துகொள்ளாமல் எந்தப் பசையையும் வாங்க வேண்டாம். மழையே இல்லாத நாளிலும் இடப்பக்கத் தரை நனைந்தால், அது பெரும்பாலும் அடைபட்ட ஏ.சி. வடிகுழாயின் வேலை. குலசேகரத்தில் இருக்கும் என் மைத்துனர் தம் வண்டியைத் தோட்டத்து ரப்பர் மரங்களுக்கு அடியில் நிறுத்துபவர். மார்கழி, தை மாதங்களில் உதிரும் இலை முழுவதும் வைப்பருக்குக் கீழுள்ள கருப்புப் பிளாஸ்டிக் தட்டுக்குள் இறங்கி, வடிகாலை அடைத்து, தண்ணீரை உள்ளே திருப்பிவிட்டது. அவர் கண்ணாடியைச் சுற்றி ஒரு குழல் சிலிக்கானைப் பூசி முடித்த பிறகுதான் அந்தத் தட்டைக் கழற்றிப் பார்த்தார்.

சோதிக்கும் முறை எளிது. ஒருவர் டார்ச்சுடன் உள்ளே அமர, மற்றவர் ஹோஸ் குழாயில் தண்ணீரை மெதுவாக விட்டு, கீழ் விளிம்பிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே ஏற வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழிந்திறங்கும் நீர் எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் நனைத்து, எங்கே நுழைந்தது என்பதைக் குழப்பிவிடும். எனக்கு இதைவிடத் துல்லியமாக உதவியது சோப்புத் தண்ணீர். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வெளிக்காற்றை உள்ளிழுக்கும் நிலையில் புளோயரை முழு வேகத்தில் ஓடவிட்டு, விளிம்பு நெடுகிலும் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரைத் தடவினேன். மேல் இடது மூலையில் நான்கு விரல்கடை நீளத்துக்குக் கடுகளவு குமிழிகள் வரிசையாக எழும்பின. தண்ணீர் உள்ளே சொட்டிய இடம் அதிலிருந்து ஏறத்தாழ மூன்றடி கீழே. நுழைந்த நீர் பக்கத் தூணுக்குள் ஓடி எங்கோ வெளிப்படும் என்பதால், சொட்டும் இடத்துக்கு நேர் மேலே பசையைத் தேய்ப்பது வீண் வேலை. நின்ற வண்டியில் ஒழுகாமல், ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்க்காற்றில் ஓட்டும்போது மட்டும் ஒழுகும் வண்டிகளும் உண்டு; அவற்றில் ஹோஸ் சோதனை ஏமாற்றலாம், குமிழிச் சோதனை பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

எம்-சீல், அரால்டைட், கீல் போன்றவற்றை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. முதலிரண்டும் இறுகிக் கல்லாகிவிடும். ஓட்டத்தில் அசையும் வண்டி உடலுக்கும் வெயிலில் விரியும் கண்ணாடிக்கும் நடுவே கல் நிற்காது. கீல் வெயிலில் இளகி ஒழுகும். அம்பாசடர் போன்ற பழைய வண்டிகளில் கண்ணாடியைப் பிடித்திருப்பது பசை அன்று, ரப்பர் வளையம் என்பதால், அவற்றின் வைத்தியமே வேறு.

சிலிக்கானுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், அதைப்போல் எளிய வேலை வேறில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பெர்மாடெக்ஸ் போன்ற நிறுவனங்கள் விற்கும் பாயும் வகைச் சிலிக்கான், தேன் பதத்தில் குழலிலிருந்து இறங்கி, மயிரிழை இடைவெளிக்குள் தானாகவே இழுத்துக்கொள்ளப்படும். பீடிங்கைக் கழற்ற வேண்டியதில்லை, குழலிலிருந்து பசையை அழுத்தித் தள்ளும் கன் வேண்டியதில்லை, பழகிய கையும் வேண்டியதில்லை. துடைத்து, உலர்த்தி, விளிம்பு நெடுக விட்டு, வழிந்ததைத் துணியால் எடுத்துவிட்டு ஒரு நாள் விட்டால் போதும். வெயிலைத் தாங்குவதிலும் சிலிக்கான் பாலியூரித்தேனைவிட மேல்; வெட்டவெளியில் விட்ட பாலியூரித்தேன் நாளடைவில் வெளுத்துப் பொடியும். விற்கும் நோக்கத்தில் இருக்கும் பழைய வண்டிக்கு, அடைக்க வேண்டியது உண்மையில் மயிரிழைதான் என்றால், சிலிக்கானைத் தேர்ந்தெடுப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குளியலறைத் தொட்டிக்குப் பூசும் சாதாரணச் சிலிக்கானை மட்டும் காரில் வைக்க வேண்டாம். காய்கையில் காடி வாடை அடிக்கும் வகையிலிருந்து வெளிவருவது அசெட்டிக் அமிலம். பெயின்ட் உரிந்த இடத்தில் அது இரும்பைத் தின்னும்.

பாலியூரித்தேன் இதைவிட அழுக்கான, பொறுமை கேட்கும் வேலை. நான் மாசி மாதம் வரை காத்திருந்தேன். இரு பருவமழைகளும் தாராளமாகப் பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், ஆனியிலிருந்து கார்த்திகை வரை அந்த இடுக்கு முழுவதும் காய்வதே அரிது. அதுவரை தார்ப்பாய் போர்த்தி ஒப்பேற்றினேன். பிறகு கண்ணாடியின் இரு ஓரமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பீடிங்கை மூலையிலிருந்து பிளாஸ்டிக் நெம்பியால் மெல்லத் தூக்கினேன். திருப்புளியால் தூக்கினால் பெயின்ட் கீறும். அந்தக் கீறலில்தான் அடுத்த துரு பிறக்கும். குமிழி வந்த இடத்தில் பழைய பசை, மேலே தோல் மாதிரி மூடியும் அடியில் பொந்தாகவும் இருந்தது. தளர்ந்த பகுதியைக் கட்டர் பிளேடால் சீவி எடுத்தேன். கெட்டியாக ஒட்டியிருந்ததை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு அப்படியே விட்டேன், ஏனென்றால் புதிதாக வெட்டிய பழைய பாலியூரித்தேனின் மேல் புதிய பாலியூரித்தேன் நன்றாகப் பிடிக்கும்.

ஆல்கஹாலால் துடைத்தபின், அது முழுவதும் ஆவியாகும்வரை பொறுத்திருக்க வேண்டும். இன்னும் இறுகாத பாலியூரித்தேனுடன் ஆல்கஹால் கலந்தால் பசை சரியாக இறுகாது. இதை அறியாமல் ஈரத் துணியோடு அவசரப்பட்டவர்களின் பசை வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். இரும்பு தெரிந்த இரண்டு இடங்களில் பிரைமர் தடவிக் காயவிட்டேன். பிறகு குழலின் மூக்கை வி வடிவத்தில் வெட்டி, கன்னில் பொருத்தி, பொந்து நிறையும்படி அழுத்தி விட்டேன். இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும், நாளுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஆழம் என்ற கணக்கில். கடலோரக் காற்று நமக்குச் செய்யும் ஒரே நன்மை இதுதான் போலிருக்கிறது. கையுறை இல்லாமல் தொட்டுவிட்டால் விரலில் ஏறிய கருப்பு நான்கைந்து நாளைக்குப் போகாது; என் மனைவி என்னை அரிவாள்மனைப் பக்கமே விடவில்லை. பசை இறுகும்வரை வெளிவரும் வேதிப்பொருள் நுரையீரலுக்கு ஆகாது என்பதால் வேலையைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். கடைசியாகப் பீடிங்கைப் பழையபடி பதித்து, பசையின் மேல் வெயில் படாதபடி மூடினேன்.

முழுநாள் வேலை இது. சிலிக்கானுக்கு அரை மணி நேரம். செலவிலும் ஒரு குழல் பசை, பிரைமர், கன் என்று சேர்த்தால் சிலிக்கான் குழலைவிடப் பலமடங்கு. பிறகு ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், என் விடை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் நிற்கிறது: இந்த இடத்தை நாளை இன்னொருவர் பிரிப்பார்.

நம் சாலைகளில் பாறையும் ஜல்லியும் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஓட்டுபவருக்கு, ஆயுளுக்கு ஒரே முன்கண்ணாடி என்பது நடக்காத காரியம். மறுமுறை கண்ணாடி மாற்றும்போது, ஒட்டுபவர் பழைய பாலியூரித்தேனைச் சீவி மட்டப்படுத்தி அதன் மேலேயே புதுப் பசை இழுப்பார். அங்கே சிலிக்கான் இருந்தால் கதை வேறு. காய்ந்த சிலிக்கானின் மேல் பாலியூரித்தேன் ஒட்டாது, பிரைமர் ஒட்டாது, பெயின்ட்டும் ஒட்டாது. பெயின்ட் அடித்தால் மீன்கண் போலக் குழி குழியாக விலகும். தின்னர் விட்டுத் துடைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத படலம் மிஞ்சும். முழுவதும் நீக்க வேண்டுமானால் சுரண்டித் தேய்க்கத்தான் வேண்டும், தேய்த்தால் பெயின்ட்டும் சேர்ந்து போகும். முதன்முறை கண்ணாடி மாட்டவந்த பணியாளர் பழைய கண்ணாடியைக் கழற்றும் முன் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, “அண்ணாச்சி, இதுல முந்தி ஆராவது சிலிக்கான் வச்சாவளா?” என்பதுதான். இல்லை என்றதும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

உப்புக் காற்றில் இது இன்னும் கடுமையாகிறது. கண்ணாடியைப் பசை பிடித்திருக்கிறது. பசை பிடித்திருப்பது பெயின்ட்டை. பெயின்ட் பிடித்திருப்பது இரும்பை. நடுவில் துரு புகுந்துவிட்டால், பசை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கண்ணாடி நிற்பது துருச் செதிளின் மேல்தான். இந்தக் கண்ணாடி காற்றையும் மழையையும் தடுப்பதோடு முடிவதில்லை. வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்குப் பங்குண்டு, பல கார்களில் இடப்பக்க ஏர்பேக் விரியும்போது அதன் மேல்தான் சாய்ந்து திரும்புகிறது. மேலே சிலிக்கானால் மூடிய இடுக்கில் வேறொரு பக்கமாக நீர் புகுந்தால், அது வெளியேற வழியின்றி அங்கேயே தங்கும். மேலே பளபளப்பாக இருக்கையில் அடியில் துரு ஓடும். குலசேகரத்து மைத்துனர் வண்டியில் பூசிய சிலிக்கான் மூன்று மழைக்காலத்தைத் தாண்டியும் நன்றாகவே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவருக்கு ஒழுகியது கண்ணாடியிலா என்பதே சந்தேகம்; அவர் ஊரில் உப்புக் காற்றும் இல்லை.

இவ்வளவு சொன்னாலும், வீட்டில் தொடக்கூடாத நிலைகள் உண்டு. உள்ளே அமர்ந்து இரு உள்ளங்கைகளாலும் கண்ணாடியின் மூலைகளை மெல்ல வெளிநோக்கித் தள்ளிப் பார்க்க வேண்டும். அசைந்தாலோ, முனகல் கேட்டாலோ, பசை விட்டிருப்பது நான்கு விரல்கடை அன்று. பீடிங்கைத் தூக்கியதும் செதில் செதிலாகத் துரு வந்தாலும் அப்படியே. இரண்டிலும் கண்ணாடியைக் கழற்றி, துருவைத் தேய்த்து, பெயின்ட்டும் பிரைமரும் இட்டு, புதிதாக ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. வெளியிலிருந்து எதைப் பூசினாலும் அது நோயை மறைப்பதாகவே முடியும். கழற்றும்போது பழைய கண்ணாடி உடைய வாய்ப்புண்டு என்பதால், உடைந்தால் யார் பொறுப்பு என்பதைக் கடையில் முன்பே பேசி வைப்பது நல்லது. கல்லடியில் உடைந்த கண்ணாடிக்கு முழு இன்சூரன்ஸ் கைகொடுக்கும். பசை தேய்ந்து ஒழுகுவதைத் தேய்மானம் என்று ஒதுக்கிவிடுவார்கள். முழுக் கண்ணாடியை நானே கழற்றி ஒட்டியதில்லை, அதற்குத் துணிவும் இல்லை. ஆகவே அந்த வழியின் நுணுக்கங்களை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

என் அனுபவத்தின் வயதும் குறைவுதான். மாசியில் செய்த வேலை இதுவரை இரண்டு தென்மேற்குப் பருவமழையையும் ஒரு வடகிழக்குப் பருவமழையையும் கண்டிருக்கிறது. பத்தாண்டு கழித்து அந்த மூலை எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. இப்போதும் பெருமழை வருகிறது என்றால் இடப்பக்கக் கம்பளத்துக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைக்கிறேன். கம்பளம் மறைக்கும் ஈரத்தைத் தாளின் சுருக்கம் காட்டிவிடும். சென்ற ஆனியில் மூன்று நாள் பெய்த மழைக்குப் பிறகு எடுத்துப் பார்த்ததில், ஒரு மூலை மட்டும் நனைந்து சுருங்கியிருந்தது. பீடிங்கை மறுபடி தூக்குவதா என்று யோசித்துக்கொண்டே மீண்டும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழியும் எழவில்லை. மடக்காமல் உள்ளே சாத்தி வைத்த குடையிலிருந்து வடிந்த நீர் அது என்று என் மகள் சொன்ன பிறகுதான் கன்னை எடுத்த இடத்திலேயே வைத்தேன். அதில் மிச்சமிருந்த பசை எப்படியும் குழலுக்குள்ளேயே இறுகிப்போயிருந்தது.