கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோடு பட்டறை: பழைய யெஸ்டி பைக்கை ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கின கதை

ஷோரூம் வண்டி மாதிரி பளபளன்னு வேணும், அடுத்த மாசம் கல்யாண ஊர்வலத்துக்கு ஓட்டணும்னு நினைக்கிறவங்க இந்தப் பட்டறைக்குப் போகாதீங்க. மேஸ்திரிக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். வண்டி நிஜமா ஓடணும், லேட்டானா பரவாயில்லைன்னு இருக்கிறவங்க தாராளமா போகலாம்.

பட்டறைக்குப் போர்டு கிடையாது. கிருஷ்ணகிரியில இருந்து ராயக்கோட்டை ரோட்டுல வரும்போது இடது கைப் பக்கம், புளியமரத்தடியில தகரக் கொட்டகை. வாசல்ல புல்லட் சேஸிஸ் ரெண்டு மூணு எப்பவும் சாய்ஞ்சு கிடக்கும், அதுதான் அடையாளம். பேரு கேட்டா யாருக்கும் தெரியாது, 'ஜாவா மேஸ்திரி'ன்னு கேளுங்க.

எனக்கு ராயக்கோட்டை தக்காளி மண்டியில கணக்கு எழுதுற வேலை. பாலக்கோடு பக்கம் ஒரு விவசாயி வீட்டுப் பட்டுப்புழு மனையில, புழு கூடு கட்டுற சந்திரிகைத் தட்டுகளுக்குப் பின்னாடி கிடந்த 1978 மாடல் யெஸ்டி 250 கைக்கு வந்தது. தள்ளி ஸ்டார்ட் பண்ணினா தெரு முழுக்க வெள்ளைப் புகை. முதல்ல டவுன்ல ஒரு பெரிய கடைக்குக் கொண்டுபோனேன். இன்ஜினைத் தொட்டுக்கூடப் பார்க்கல, "கலர் என்ன வேணும் சார்?"னு கேட்டாங்க. போர் பண்ணணும் (சிலிண்டர் உள்சுவத்தைக் கடைஞ்சு பெருசாக்கணும்), பிஸ்டன் மாத்தணும், கிராங்க் மாத்தணும்னு நின்ன இடத்துலயே ஒரு தொகை சொன்னாங்க. பெட்டியைத் திறக்காமலேயே தக்காளிக்கு விலை சொல்ற வியாபாரிகளை நான் தினமும் பார்க்கிறேன். வண்டியை ஏத்திக்கிட்டு வந்துட்டேன்.

மேஸ்திரி கலர் பேச்சே எடுக்கல. சைலன்சர் வாயில விரலை விட்டு வழிச்சார், மோந்து பார்த்தார், என் மூக்குக்கிட்டயும் நீட்டினார். "பெட்ரோல்ல கலக்குற 2டி ஆயில் வாசனையா இது? கியர் ஆயில் தம்பி. இடது பக்க சீல் போச்சு, வண்டி கிளட்ச் ஆயிலைக் குடிக்குது."

விஷயம் இதுதான். டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல பெட்ரோலும் ஆயிலும் காத்தும் கலந்து முதல்ல பிஸ்டனுக்குக் கீழ இருக்கிற கிராங்க் ரூமுக்குள்ள வந்துதான் மேல போகும். அந்த ரூம் ரெண்டு பக்கமும் காத்துப் புகாம இருக்கணும், அதுக்குத்தான் பக்கத்துக்கு ஒரு ரப்பர் சீல். யெஸ்டியில இடது பக்கம் கிளட்ச், அதுக்கும் கியருக்கும் ஒரே ஆயில்தான். அந்தப் பக்க சீல் தேஞ்சா அங்கிருக்கிற ஆயில் உள்ள இழுபட்டு வெள்ளைப் புகையா வெளிய வரும். வலது பக்கம் டைனமோ. அந்தப் பக்க சீல் போனா வெறும் காத்து உள்ள போகும், ஆக்சிலேட்டரை விட்டாலும் வண்டி கத்தும், சூடாகும், கடைசியில பிஸ்டன் பிடிச்சுக்கும். புகையைப் பார்த்ததும் போர் பண்ணச் சொல்றவங்ககிட்ட ரெண்டு தடவை யோசிக்கணும்.

இன்ஜினைப் பிரிச்சதும் சிலிண்டரை லேத்துக்கு அனுப்பி அளவு எடுத்தார். முன்னாடி ஒரே ஒரு தடவைதான் போர் ஆகியிருந்தது, சுவத்துல கோடு இல்ல. லேசா ஹோனிங் (சுவத்தைத் தேய்ச்சு விடுறது), புது ரிங், அவ்வளவுதான். போர் பண்ணச் சொல்லியிருந்தா அவருக்கும் கூலி கூடியிருக்கும். ஆனா ஒவ்வொரு போருக்கும் 0.25 மில்லிமீட்டர் கூடிக்கிட்டே போய், கடைசி சைஸும் முடிஞ்சா சிலிண்டருக்குள்ள ஸ்லீவ்ங்கிற புது உறைதான் போடணும். இந்த வண்டியைச் செஞ்ச மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனி 1996-லயே மூடியாச்சு. 2022-ல யெஸ்டிங்கிற பேர்ல வந்தது 334 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், அதோட பாகம் எதுவும் இதுல ஏறாது. பாகத்துக்குப் பெங்களூர் ஜே.சி. ரோடு, சென்னை புதுப்பேட்டைன்னு அலையணும். அங்கேயும் பாதி டூப்ளிகேட். அதனாலதான் மேஸ்திரி பழைய பாகத்தைக் கழுவி, அளந்து, நல்லா இருந்தா அதையே திரும்பப் போடுறார். கழட்டின ஒவ்வொரு சாமானும் பழைய இட்லித் தட்டுக் குழியில வரிசையா உட்கார்ந்திருக்கும், ஒரு வாஷர் தொலையாது.

ரெட்டை சைலன்சர் ரெண்டையும் காஸ்டிக் சோடாவுல ஊறவெச்சுக் கரியை எடுத்தார். அடைச்ச சைலன்சரை வெச்சுக்கிட்டு இழுவை இல்லைன்னு கார்புரேட்டரைக் குடையிறவங்கதான் அதிகமாம்.

இப்ப குறைகள். ஒரு மாசம்னார். தக்காளி சீப்பட்ட சீசன்ல கொடுத்த வண்டி, மாங்காய் வரத்து முடிஞ்சுதான் வந்தது. போன் எடுக்கமாட்டார், நேர்ல போனா டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் சொல்வார். வயரிங் சுமார்தான். முதல் மழையிலயே பின் லைட் போச்சு, டேப் சுத்தின ஜாயின்ட்ல தண்ணி இறங்கியிருந்தது. பழைய 6 வோல்ட் டைனமோவை அப்படியே வெச்சிருக்கார், ராத்திரியில ஹெட்லைட் அகல் விளக்குதான். 12 வோல்ட் மாத்தச் சொன்னா முகம் சுளிக்கிறார். எலக்ட்ரிக்கல் வேலையை வேற ஆள்கிட்ட கொடுத்துடுங்க. பெயிண்ட் அவர் செய்றதில்ல, வெளிய அனுப்புறார். டேங்க் அருமையா வந்திருக்கு, ஹேண்டில்பார் குரோம் ஒரு இடத்துல திட்டுத் திட்டா இருக்கு. பில் கேட்டா காலண்டர் தாள் பின்னாடி எழுதித் தர்றார். ஆனா ஒவ்வொரு வரிக்கும் பழைய பாகத்தை எடுத்துக் காட்டிக் கணக்குச் சொன்னார். இன்ஜின் கூலி ஒன்பதாயிரம். செஞ்ச வேலைக்கு அது அதிகம் இல்ல.

ஓட்டம் எப்படின்னா, கார்புரேட்டர் பட்டனைப் பெட்ரோல் கசியற வரைக்கும் அழுத்தி, கியர் லிவரையே உள்ள தள்ளி மேல திருப்பிக் கிக்கராக்கி ஒரு உதை. காலையில குளிர்ந்த வண்டியே ரெண்டாவது உதையில எடுக்குது. தர்மபுரி, பென்னாகரம் வழியா ஒகேனக்கல் போனேன். பென்னாகரம் தாண்டி மலை இறங்குறப்பதான் மேஸ்திரி சொல்லிவிட்டது ஞாபகம் வந்தது: "இறக்கத்துல ஆக்சிலேட்டரை முழுசா மூடிக்கிட்டே வராதே தம்பி, அப்பப்ப ஒரு திருகு திருகிவிடு." இந்த வண்டியில ஆயில் பெட்ரோலோட கலந்துதான் போகுது. பெட்ரோல் நின்னா ஆயிலும் நிக்கும், சக்கரம் மட்டும் பிஸ்டனை இழுத்துக்கிட்டே இருக்கும். டிரம் பிரேக்கை நம்பி இறங்குறப்ப இதையும் கவனிக்கணும். திரும்பி ஏறுறப்ப ரெண்டாவது கியர்ல அந்த 'டப் டப்' மாறாம, புகை இல்லாம மேல வந்து சேர்ந்தது.

அமாவாசைக்குப் பட்டறை லீவு. போறப்ப ஆர்.சி. புக்கைக் கையோட எடுத்துட்டுப் போங்க. இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் புக்கோட ஒத்துவரலைன்னா ஸ்பேனரைத் தொடமாட்டார். பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) முடிஞ்சிருந்தா, ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலையை நீங்களே பார்த்துக்கணும், அதுக்கு அவர் ஆள் பிடிச்சுக் கொடுக்கமாட்டார்.