மரண பயத்துக்கு இரு விடைகள்: வள்ளலாரும் ரமணரும்

மரண பயத்தைத் தமிழ் மண்ணில் நேராக எதிர்கொண்டவர்களுள் வடலூர் வள்ளலாரும் திருவண்ணாமலை ரமணரும் ஏறத்தாழ எதிரெதிர்த் திசைகளில் நின்றவர்கள். சாவு தவிர்க்க முடியாதது என்று ஏற்க வள்ளலார் மறுத்தார். எல்லா உயிர்களிடமும் இரக்கம் காட்டிப் பசி தீர்க்கும் சீவகாருண்யத்தாலும் இறையருளாலும் இந்த உடம்பே அழியாத உடம்பாக மாறும் என்றார். இறந்தவரை எரிக்காமல் புதைக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தியதற்கும், அவர்கள் மீண்டும் எழுவார்கள் என்ற நம்பிக்கையே அடிப்படை. 1874 சனவரியில் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று தாளிட்டுக்கொண்டவர் பிறகு வெளியே வரவில்லை.

ரமணருக்கோ உடம்பைக் காப்பது நோக்கமே அல்ல. 1896-இல், 16 வயதில், மதுரை வீட்டில் திடீரென்று சாவச்சம் பற்றிக்கொண்டபோது, யாரையும் உதவிக்கு அழைக்காமல் பிணம்போல் விறைத்துப் படுத்து, இந்த உடம்பு சுடுகாட்டுக்குப் போனால் ‘நான்’ என்பதும் அதனோடு எரிந்துபோகுமா என்று தமக்குள்ளேயே தேடினார். அச்சம் அன்றோடு நீங்கியது. மறுமையைப் பற்றிக் கேட்டவர்களையும், இப்போது இருப்பது யார் என்று முதலில் பாருங்கள் என்றே திருப்பிவிட்டார். 1950-இல் புற்றுநோயால் உடல் நலிந்து இறக்கும்வரை அந்நிலை மாறவில்லை.

துக்கத்தில் இருப்பவருக்கு வள்ளலாரின் வாக்கே நெருக்கமானது. பிரிந்தவர் திரும்புவார் என்பதோடு, பசித்தவருக்குச் சோறிடும் கடமையையும் அது கையில் தருகிறது. ஆனால் அதை நம்பித்தான் ஆக வேண்டும். ரமணரின் வழியை நம்பிக்கை இல்லாதவரும் தனியே சோதித்துப் பார்க்கலாம். நள்ளிரவில் பயந்து விழிப்பவருக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான்.