எஃப்எக்ஸ்-8150 எதிர் 2600கே: 8.4 கிகாஹெர்ட்ஸ் கனவும் ஏர் கூலர் கணக்கும்

2011 செப்டம்பரில் ஏஎம்டி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. இன்னும் கடைக்கே வராத எஃப்எக்ஸ்-8150 பிராசஸரை 8.429 கிகாஹெர்ட்ஸ் வரை ஏற்றிவிட்டார்களாம், கின்னஸ் சாதனையாம். ஓவர்கிளாக் பிரியர்களுக்கு, அதாவது பிராசஸரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு, தலைகால் புரியவில்லை. திரவ ஹீலியத்தால் குளிரவைத்து 8.4 என்றால், விசிறி வைத்த நல்ல ஏர் கூலரில் 5 வராமலா போகும் என்று கணக்குப் போட்டார்கள். எதிரே நின்றது, ஜனவரியிலேயே வந்துவிட்ட இன்டெல் கோர் ஐ7-2600கே.

அந்தச் சாதனையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்திருக்கலாம். நான்கு மாட்யூலில் (இரண்டு கோர், அதாவது கணக்குப் போடும் மையங்கள், சேர்ந்த தொகுதி) ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதாவது எட்டில் இரண்டு கோரை மட்டும் ஓடவிட்டு எடுத்த எண் அது. அதைவிடச் சுவாரசியம், அதற்கு முந்தைய 8.308 சாதனை யாருடையது என்பது. பென்டியம் 4 வம்சத்துச் செலிரான்! அந்தச் செலிரானை வேகத்துக்காக வாங்கு என்று யாரும் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. நீளமான பைப்லைன் உள்ள, அதாவது ஒரு வேலையைப் பல சின்னப் படிகளாகப் பிரித்துச் செய்யும் சிப் கிகாஹெர்ட்ஸில் உயரப் பறக்கும். அவ்வளவுதான், வேலை அதிகம் நடக்கிறது என்று அர்த்தமில்லை.

ஓவர்கிளாக் செய்யும் வசதியில் ஏஎம்டிக்குத்தான் என் ஓட்டு. பேஸ் கிளாக் என்ற அடிப்படை வேகத்தை மல்டிபிளையரால் பெருக்கினால் வருவதுதான் பிராசஸரின் வேகம். எஃப்எக்ஸ் வரிசை முழுக்க மல்டிபிளையர் பூட்டில்லாமல் வந்தது. பயாஸில், அதாவது போர்டின் அமைப்புத் திரையில், 200 மெகாஹெர்ட்ஸ் x 23 என்று வைத்தால் 4.6 கிகாஹெர்ட்ஸ், வேண்டுமானால் அந்த 200-ஐயும் அசைக்கலாம். இன்டெலில் 100 மெகாஹெர்ட்ஸ் பேஸ் கிளாக்கோடு கிராபிக்ஸ் கார்டுக்கான பிசிஐஇ, ஹார்ட் டிஸ்குக்கான சாட்டா எல்லாம் பிணைந்து கிடப்பதால் அதில் நாலைந்து மெகாஹெர்ட்ஸ் கூட்டினாலே தகராறு. 'கே' எழுத்துள்ள சிப்பும் பி67 அல்லது இசட்68 சிப்செட் உள்ள மதர்போர்டும் இருந்தால்தான் மல்டிபிளையரை உருப்படியாக ஏற்ற முடியும். எச்67 வாங்கியவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆனால் எங்கே போய் நின்றன? அக்டோபர் 12-இல் எஃப்எக்ஸ் வந்தபின் பார்த்தால், ஏர் கூலரில் பெரும்பாலும் 4.6 பக்கம்தான் மூச்சு வாங்கியது. 2600கே சர்வசாதாரணமாக 4.5. உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், கிளம்பிய இடம்தான் வேறு. எஃப்எக்ஸின் உச்ச டர்போவே (அது தானாகவே ஏறும் வேகம்) 4.2 என்பதால் கூடுதலாகக் கிடைத்தது பத்து சதவீதத்துக்குள். 2600கே தன் டர்போவான 3.8-இலிருந்து ஏறியது, பதினெட்டு சதவீதம்.

உண்மையான அடி வேறு இடத்தில் விழுந்தது. சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனையின் ஒற்றை கோர் பிரிவில், ஓவர்கிளாக் செய்யாமலேயே 2600கே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மதிப்பெண் எடுத்தது. அதை எட்ட எஃப்எக்ஸ் 6 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியாக வேண்டும். எதிர்பார்த்த 5 அப்படியே கிடைத்திருந்தாலும் போதியிருக்காது. ஒரு மாட்யூலின் இரண்டு கோர்களும் டிகோடரையும் (கட்டளைகளைப் பிரித்துப் படிக்கும் பகுதி) எஃப்பியூவையும் (தசமக் கணக்குப் போடும் பகுதி) பகிர்ந்துகொள்வது இரண்டு குடித்தனத்துக்கு ஒரே அடுப்படி மாதிரி. சில இடங்களில் ஏஎம்டியின் சொந்தப் பழைய சரக்கான பினோம் II எக்ஸ்6-இடமே எஃப்எக்ஸ் தோற்றது.

மின்சாரத்தைப் பற்றி நீட்ட வேண்டாம். சாதாரண நிலையிலேயே எஃப்எக்ஸுக்கு 125 வாட், 2600கே-க்கு 95. வோல்டேஜை ஏற்றினால் எஃப்எக்ஸின் பசி தாறுமாறாகக் கூடும். கூலருக்கும் பவர் சப்ளைக்கும் தனிச் செலவு.

விலைதானே குறைவு என்பார்கள். எஃப்எக்ஸ் 245 டாலர், 2600கே 317. சரிதான், ஆனால் 216 டாலருக்கு ஐ5-2500கே இருந்தது, அதுவும் 4.5-க்கு அலுங்காமல் போகும். கேம் ஆடுபவர் அதைத் தாண்டி யோசிக்கவே வேண்டியதில்லை. நாள் முழுக்க 7-ஜிப்பில் ஃபைலைச் சுருக்குவது, எக்ஸ்264-இல் வீடியோவை மாற்றுவது என்று எட்டு திரெட்டையும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) விடாமல் ஓட்டுபவருக்கு மட்டும் எஃப்எக்ஸ் ஈடுகொடுத்தது. அங்கே 2600கே-யோடு தோள் உரசியது.

பின்னால் 2013-இல் ஏஎம்டியே எஃப்எக்ஸ்-9590-ஐ டர்போவில் 5 கிகாஹெர்ட்ஸ் தொடும்படி விற்றது. 220 வாட். எஃப்எக்ஸுக்கான ஏஎம்3+ சாக்கெட் போர்டுகள் நிறையவற்றில் அதைப் பொருத்தவே முடியவில்லை.