ஆக்டேவுக்குப் பேக்கேஜ் எழுதக் கற்றுத்தரும் ஞாயிறு வகுப்பு

நாகர்கோவிலில், வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு சிறிய கணினி மையத்தில், குனு ஆக்டேவ் என்னும் கட்டற்ற கணித மென்பொருளுக்குப் பேக்கேஜ் (கூடுதல் வசதி தரும் நிரல் தொகுப்பு) எழுதும் வகுப்பில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பயின்றேன். பல ஆண்டுகளாக ஆக்டேவில் கணக்குப் போட்டுவரும் எனக்கு, அதற்குள் என் சொந்த நிரலைச் சேர்க்க முடியும் என்ற துணிவைத் தந்தது இவ்வகுப்புதான்.

முதல் நாள் எங்களை ஒரு வரிகூட எழுத விடவில்லை. பிறர் எழுதிய பேக்கேஜ் ஒன்றைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார் ஆசிரியர். பெயரும் பதிப்பு எண்ணும் அடங்கிய டிஸ்கிரிப்ஷன் கோப்பு, உரிமத்தைச் சொல்லும் காப்பியிங் கோப்பு, செயற்கூறுகள் இருக்கும் இன்ஸ்ட் கோப்புறை என்று ஒவ்வொன்றும் எதற்காக அங்கே இருக்கிறது என்பது அன்றே விளங்கிவிட்டது. ஆக்டேவ் என்பது இசையிலிருந்து வந்த பெயரன்று, ஆக்டேவ் லெவன்ஸ்பீல் என்ற வேதிப்பொறியியல் பேராசிரியரின் பெயர் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டம். அடியில் தரப்படும் அளவை மீட்டராக்கி, மாதச் சராசரி காண வேண்டும். 48 அடி என்பது 14.6304 மீட்டர். ஒரு நாள் அளவு விடுபட்டு அவ்விடத்தில் 'எண் அல்ல' என்பதைக் குறிக்கும் 'நேன்' நின்றால் மொத்தச் சராசரியும் 'நேன்' ஆகிவிடும் என்பதைக் காட்டி, அதைப் பிடிக்கும் சோதனை வரிகளை முதலில் எழுத வைத்து, அதன் பிறகே செயற்கூற்றைத் தொட அனுமதித்தார். 0.1, 0.2 இரண்டின் கூட்டுத்தொகை 0.3 என்று எழுதினால், இரு மதிப்புகளும் சமமா எனச் சோதிக்கும் 'அசர்ட்' கட்டளை ஏற்க மறுக்கிறது. எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல தசம எண்களைக் கணினி துல்லியமாக அன்றி ஏறத்தாழவே வைத்திருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாக எனக்கு வேறு யாரும் சொன்னதில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். சி++ மொழியில் எழுதிய நிரலை, ஆக்டேவில் இயங்கும்படி எம்கேஆக்ட்ஃபைல் என்ற கருவி கொண்டு தொகுக்கும் பகுதியைக் கடைசி நாள் பிற்பகலில் அவசரமாக முடித்தார்கள். அம்மொழி தெரியாத பாதிப் பேர் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தனர். விளக்கம் முழுவதும் தமிழில் இருந்தும், அச்சிட்ட குறிப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமே தரப்பட்டன. கட்டணம் 2,000 ரூபாய். முதல் மூன்று நாள்களுக்கே அது தகும். ஆக்டேவில் சிறு நிரல்களாவது எழுதிப் பழகியவர்கள் தயங்காமல் சேரலாம், புதியவர்கள் அடிப்படையைக் கற்றுவிட்டு வருவது நல்லது. சி++ பகுதிக்குத் தனியாக இரண்டு ஞாயிறு ஒதுக்குமாறு மையத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒதுக்கினால் மீண்டும் போவேன்.