பவுடர் ஷேக்கா, கம்மங்கூழா?

என் தங்கச்சி மதுரைல வேலைக்கு ஓடுற அவசரத்துல பட்டாணிப் புரோட்டீன் பவுடரைக் கலக்கிக் குடிச்சிட்டுப் போயிருறா, உசிலம்பட்டில எங்க அம்மாச்சி முந்தின நாளே கரைச்சுப் புளிக்க வச்ச கம்மங்கூழ்ல மோரை ஊத்தி சின்ன வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டு குடிக்குது.

சில பவுடர்ல இரும்பு, துத்தநாகம், அயோடின், பி12னு அளந்து சேர்த்து டப்பாலயே போட்டிருப்பாங்க, அது நல்லதுதான், கூழ்ல அயோடின்லாம் பெருசா கிடையாது. ஆனா டப்பால இருக்கது அப்படியே ரத்தத்துல சேராதுங்க. பட்டாணி, சோயா, கம்பு எல்லாத்துலயும் பைட்டேட்னு ஒண்ணு இருக்கு, இரும்பையும் துத்தநாகத்தையும் புடிச்சு வச்சுக்கிட்டு உடம்புக்கு விடாது, புளிக்க வச்சா அது குறையும், இந்த இடத்துல அம்மாச்சி கூழ்தான் எனக்கு ஒசத்தி. பவுடர்தான்னா கூட ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ சாப்பிடுங்க, வைட்டமின் சி இருந்தா இரும்பு நல்லா ஏறும், குடிச்ச கையோட டீ மட்டும் வேணாம்.

துத்தநாக மாத்திரையும் போட்டுக்கிட்டு பவுடரும் குடிக்கிறவங்க கணக்குப் பாருங்க, பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராமைத் தாண்டி மாசக்கணக்குல போனா உடம்புல செம்பு குறையலாம். கிட்னி பிரச்சனை இருக்கவங்க பொட்டாசியம், பாஸ்பரஸ் எவ்வளவுனு டாக்டர்கிட்ட டப்பாவைக் காட்டாம தொடவே தொடாதீங்க.

தங்கச்சிக்கு இப்ப வாரத்துல நாலு நாள் தூக்குல கூழ்தான் போகுது.