ஹீட்டிங் வேலை நடக்கும் வீட்டில் பிரயாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டர் எவ்வளவு கைகொடுக்கும்?

கூடுதல் உதவி தேவைப்படும் வீட்டாரின் பெயரையும் தேவையையும் பதிந்துவைக்க, பிரிட்டனில் மின்சாரம், கேஸ் வழங்கும் நிறுவனங்கள் நடத்தும் இலவசச் சேவை இது. மாற்றுத்திறனாளிகள், நீண்டகால நோயுள்ளவர்கள், ஓய்வூதிய வயதைத் தொட்டவர்கள், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள வீட்டார் எல்லோரும் சேரலாம். ஆங்கிலம் சரியாகப் பேசவோ படிக்கவோ வராது என்பதும் சேர்வதற்குப் போதுமான காரணம்தான். நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு இது தெரியாமலே இருப்பது வருத்தத்துக்குரியது.

தெருவில் கேஸ் குழாய் மாற்றும்போதுதான் இந்தச் சேவையின் அருமை தெரியும். வீடுகளுக்கு அருகே ஓடும் பழைய இரும்புக் குழாய்களை எடுத்துவிட்டு மஞ்சள் நிற பாலிஎத்திலீன் குழாய் போடும் திட்டம் 2002இல் தொடங்கியது. 2032 வரை நடக்க வேண்டியது. உங்கள் தெருவின் முறை வரும் நாளில் கேஸ் நிற்கும். திரும்பக் கொடுப்பதற்கு இன்ஜினியர் வீட்டுக்குள் வந்து சோதித்து, வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரைப் பற்றவைக்க வேண்டும். படுக்கையிலிருந்து எழுந்து கதவைத் திறக்க 10 நிமிடம் ஆகும் ஒருவரின் வீட்டில், இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இன்ஜினியர் போய்விட்டால் அன்றிரவு குளிர்தான். ஆகவே பதிவு செய்யும்போது நோயின் பெயரோடு நிறுத்தாதீர்கள். ‘கதவைத் திறக்க நேரமாகும், காத்திருக்கவும்’, ‘காது கேளாது, குறுஞ்செய்தி அனுப்பவும்’, ‘தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை’ என்று அவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்லிப் பதியச் செய்யுங்கள். வருகிறவர் சொல்ல வேண்டிய கடவுச்சொல் ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம். தனியாக இருக்கும் பார்வையற்றவருக்கு அடையாள அட்டையைவிட அது நம்பகமானது.

குழாய்க் கோளாறால் கேஸ் நின்றுவிட்டால், பதிவில் உள்ளவர்களுக்கு, தெருக் குழாய்களைப் பராமரிக்கும் நெட்வொர்க் நிறுவனம் 4 மணி நேரத்துக்குள் மாற்று ஹீட்டரும் சமைக்க அடுப்பும் தர வேண்டும். 250க்கு மேற்பட்ட வீடுகள் பாதிக்கப்பட்டால் 8 மணி நேரம். இரவு 8 முதல் காலை 8 வரை இந்தக் கணக்கில் சேராது. மாலை 7 மணிக்குக் கேஸ் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு ஹீட்டர் வீட்டில் சொந்தமாக இருப்பது நல்லது.

இன்னொரு குறை, கட்டணம் வசூலிக்கும் நிறுவனத்தை மாற்றினால் புதிய நிறுவனத்திடம் மறுபடி பதிய வேண்டும். நெட்வொர்க் நிறுவனத்தின் பட்டியலிலும் பெயர் ஏறியிருக்கிறதா என்று தனியே கேட்டுவிடுங்கள்.

பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் பாய்லர் மாற்றுவது, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைக் கழற்றுவது, புதுக் குழாய் இழுப்பது எதுவும் இந்தப் பதிவின் கண்ணில் படாது. கவுன்சிலோ வீட்டுக்காரரோ அனுப்பும் ஒப்பந்தக்காரருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது. அந்த வேலைக்கு இந்தச் சேவையை நம்பி இருக்கவே கூடாது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி நியாயமான ஏற்பாடுகளைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தேதி குறிக்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துகிறவர் இருந்தால் முதலில் எழுத வேண்டியது அதைத்தான். செப்புக் குழாயைப் பற்றவைக்க இன்ஜினியர் தீச்சுடர் டார்ச் எடுப்பார். ஆக்சிஜனுக்கும் சுடருக்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். சிறிய வீட்டில் அது நடக்காது. நெருப்பில்லாமல் அழுத்திப் பொருத்தும் இணைப்புகளைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். மின்சாரத்தையும் வீடு முழுக்க நிறுத்த வேண்டியதில்லை. பாய்லருக்கென்று 3 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள தனி சுவிட்ச் இருக்கும், பெரும்பாலும் அதை அணைத்தால் போதும். ஆக்சிஜன் இயந்திரமோ படுக்கைப்புண் வராமல் தடுக்கும் மின்சாரக் காற்று மெத்தையோ ஓடும் வீட்டில் இதை முந்தின நாளே பேசி முடிக்க வேண்டும்.

சக்கர நாற்காலி உள்ள வீட்டில் தரைப்பலகையைத் தூக்கினால் வழி அடைபடும். படுக்கையறைக்கும் கழிவறைக்கும் இடையிலான பகுதியை ஒரே நாளில் திறந்து மூடிவிட வேண்டும் என்று கேளுங்கள். தண்ணீரைச் சில மணி நேரம் நிறுத்துவார்கள். ஒரு தடவை கழிவறைக்கு ஊற்ற ஏறக்குறைய 6 லிட்டர் வேண்டும், வாளிகளில் பிடித்து வையுங்கள். நேரடியாகக் குளிர்நீர்க் குழாயிலிருந்து ஓடும் மின்சார ஷவர் இருந்தால், தண்ணீர் திரும்ப வந்ததும் பாய்லர் இல்லாமலே குளிக்கலாம்.

அறை 18 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் நிரப்பிய 2 கிலோவாட் ஹீட்டர் சூடேற அரை மணி நேரம் பிடிக்கும், பாய்லரை அணைக்கும் முன்பே போட்டுவிடுங்கள். அப்படி இரண்டு ஹீட்டரை ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகினால் 17 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 13 ஆம்பியர் ஃபியூஸ் உடனே போகாது, பிளக் உருகத் தொடங்கும். ஒவ்வொன்றையும் தனித்தனிச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். இடைவிடாமல் ஓடினால் ஒரு ஹீட்டர் 10 மணி நேரத்தில் 20 யூனிட் தின்னும், முன்பணம் போடும் மீட்டர் என்றால் முதல் நாளே நிரப்பிக்கொள்ளுங்கள். அந்தச் செலவை வீட்டுக்காரரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

புது ரேடியேட்டர் வாங்கும் முன் இன்னொன்று. முதுகுத்தண்டு காயம், நீரிழிவு போன்றவற்றால் தொடு உணர்வு குறைந்த கால், சூடான ரேடியேட்டரில் சாய்ந்திருப்பதை அறியாமலே வெந்துபோகும். மேற்பரப்பு 43 டிகிரியைத் தாண்டாத வகை கிடைக்கிறது. நாற்காலியிலிருந்து எட்டும் உயரத்தில், வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் பெரிய எழுத்துள்ள வயர்லெஸ் தெர்மோஸ்டாட்டும் கேளுங்கள். காது கேளாதவருக்கு, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு கசிந்தால் தலையணைக்கு அடியில் அதிரும் அலாரம் தேவை. கேஸ் வேலை செய்யப் பதிவு பெற்றவர் என்பதைக் காட்டும் இன்ஜினியரின் ‘கேஸ் சேஃப்’ அட்டையின் பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி உண்டு என்று அச்சிட்டிருக்கும். அவர் கருவிப்பையைத் திறக்கும் முன் அதைப் பாருங்கள், அல்லது யாரையாவது படித்துக்காட்டச் சொல்லுங்கள்.